உப்புப் பார்க்கப் பெங்களூர் போனேன்

நான் பெங்களூருக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. மனைவியை அழைத்துவரப் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. லால்பாக்கையும் விதான சௌதாவையும் எதிர்பார்த்து யாரும் இதைப் படித்து ஏமாற வேண்டாம்.

எங்கள் மகள் கயல்விழி அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது பத்தியச் சமையல் செய்து போடுவதற்காக மங்கை கும்பகோணத்திலிருந்து கிளம்பிப் போனாள். தையல் பிரித்தார்கள். மகள் வேலைக்குத் திரும்பினாள். மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது, அதுவும் போயிற்று. மங்கை வரவில்லை. தொலைபேசியில், "எப்போ வர்றே?" என்று கேட்டால், "பார்க்கலாம்" என்பாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவள் என்னிடம் அதற்குமுன் 'பார்க்கலாம்' என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. 'சரிங்க' என்றுதான் சொல்வாள்.

கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஒரு வினை நடக்காவிட்டால் ஏன் நடக்கவில்லை என்று யோசிக்கப் பழகியவன். இதில் மட்டும் யோசிக்கவில்லை. மெஸ்ஸிலிருந்து வந்த கேரியர் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, தானாக வருவாள் என்று காத்திருந்தேன். சித்திரை பிறந்ததும் பொறுமை போய், ரயிலேறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஜோகுபாளையத்தில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது லேசாகக் குளிர்ந்தது. சித்திரையில் குளிர்! எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு விசிறியை ஐந்தில் வைத்தும் வியர்க்கும். சந்து குறுகலானது. இரண்டு பக்கமும் மாடி வீடுகள், ஒவ்வொரு வாசலிலும் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் குடம், ஒரு ஸ்கூட்டர். தமிழில் ஒருத்தி மீன்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவன் கன்னடத்தில் பதில் சொன்னான். இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது.

மகள் வீடு மாடியில். படியேறும்போது மேலே யாரோ பெண் பிள்ளை சிரிக்கும் சத்தம் கேட்டது. நல்ல உரத்த சிரிப்பு. கயலின் தோழி யாரோ வந்திருக்கிறாள் போலும் என்று நினைத்தேன். கதவைத் திறந்து பார்த்தால் சிரித்தது மங்கை. வீட்டுக்காரம்மா ராஜம்மாவுடன் தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க" என்றாள். அந்தச் சிரிப்பு நின்ற விதத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். பெட்டியை எங்கே வைப்பது என்றுதான் கேட்டேன்.

"ஊட்டா ஆச்சா சார்?" என்றார் ராஜம்மா. சாப்பிட்டாயிற்றா என்று பொருள். மூன்று தலைமுறையாக இந்தச் சந்தில் இருக்கும் குடும்பம். அவர் தமிழில் நடுநடுவே கன்னடம் தானாக வந்து உட்காரும். "இவங்களை இப்பவே ஊருக்கு இட்டுனு போயிடாதீங்க. இவங்க வந்த பின்னாடிதான் எங்க தெருவுல நாலு பேருக்கு சாம்பார்னா இன்னான்னு கொத்தாச்சு." 'கொத்து' என்றால் தெரியும் என்று பொருளாம். மங்கை விளக்கினாள். ஒரு சொல்லுக்குப் பொருளை அவள் எனக்குச் சொன்னது புதுமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் மங்கை என்னை ஒரு தர்ஷினிக்குக் கூட்டிப் போனாள். பெங்களூரில் நின்றுகொண்டே சாப்பிடும் கடைக்கு அப்படிப் பெயர். உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட்டுப் பழகியவனுக்கு முதலில் அது பிச்சை வாங்கித் தின்பதுபோல இருந்தது. தோசையின் உட்புறத்தில் சிவப்பாக ஒரு சட்னியைத் தடவியிருந்தார்கள். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். காபி வாங்கும்போது மங்கை ஒரு விரலைக் காட்டி, "ஒந்து காபி, பை டூ" என்றாள். ஒரு காபியை இரண்டு சின்னத் தம்ளர்களில் பாதிப் பாதியாக ஊற்றிக் கொடுத்தான். எங்கள் ஊரில் டபராவில் ஆற்றிக் குடிக்கும் காபிக்குப் பக்கத்தில் அது நிற்காது. ஆனால் ஒரே காபியை நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்று குடித்தது அதுதான் முதல் தடவை. அதைக் குடித்துக்கொண்டே, "எப்படி இருக்கு?" என்றாள். "ம்" என்றேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு மகள், மருமகன், நான், மங்கை என்று நால்வரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். மொச்சைக் குழம்பு. இரண்டாவது வாயிலேயே கயல் கத்தினாள்.

"அம்மா! காரம் ஓவர்!"

"தண்ணியக் குடிடி."

"என்னம்மா நெனச்சுகிட்டுப் போடறே? போன வாரம் எவ்வளவு நல்லா இருந்துச்சு!"

"போன வாரம் மொளகாய் வேறடி. இது அந்தக் காரம் கம்மியான பேடகி இல்ல, வேற ஏதோ குடுத்துட்டான்."

மருமகன் பிரபு, "எனக்குக் காரம் ஓகே அத்தை. ஆனா மொச்சை இன்னும் ஒரு விசில் விட்டிருக்கலாம்" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. அறுபதை நெருங்கும் நேரத்தில் இன்னொருவர் வீட்டில் அடுப்படியில் நின்று பொங்கிப் போடுகிறாள். இந்தப் பிள்ளைகள் வாய் கூசாமல் குற்றம் சொல்கிறார்கள். நான் ஒரு நாள் சொல்லியிருப்பேனா? என் அப்பா தட்டை வீசுகிறவர். குழம்பில் ஒரு கல் உப்பு கூடினால் தட்டு சுவரில் இருக்கும். அம்மா அதைத் துடைத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்குக் கல்யாணம் ஆனால் சாப்பாட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று கல்லூரி நாட்களிலேயே முடிவு செய்திருந்தேன். அந்த விரதத்தை அன்றுவரை காப்பாற்றினேன். நண்பர்களிடம் பெருமையாகவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வைத்ததைச் சாப்பிடுவேன், எழுந்து கை கழுவுவேன். அவ்வளவுதான்.

மறுநாள் காலை மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது கயல் என் பக்கம் திரும்பாமலே பேச்செடுத்தாள்.

"அப்பா, அம்மாவைக் கூட்டிட்டுப் போகத்தானே வந்திருக்கீங்க?"

"ஆமாம். நாளைக்கு ரெண்டு பேருக்கும் டிக்கெட் இருக்கு."

"நீங்க கிளம்புன்னு சொன்னா அம்மா பெட்டியை எடுத்துரும். அதான் சொல்றேன், சொல்லாதீங்க."

"பின்னே அவளுக்கு வர இஷ்டமா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதுவா சொல்லணும். அதுவா சொல்லலேன்னா நீங்க தனியாப் போங்க."

"என்ன குறை அவளுக்கு? ஒரு நாள் ஒரு வார்த்தை குத்தம் சொல்லியிருக்கேனா?"

கயல் கிளிப்பை மாட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். "அதை அம்மாகிட்டயே கேளுங்க. இன்னிக்கு உங்க ரெண்டு பேரையும் ஒரு இடத்துக்கு அனுப்பப் போறேன்."

அந்த இடம் இந்திராநகரில் ஒரு சமையல் வகுப்பு. கணவனும் மனைவியுமாகப் போய் ஒரு மாலை முழுக்கச் சேர்ந்து சமைத்து, சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். கயலும் பிரபுவும் தங்கள் கல்யாண நாளுக்காக இடம் பிடித்திருந்தார்கள். இரண்டு பேர் ஆபீசிலும் அன்றைக்கு ஏதோ புது மென்பொருள் ரிலீசாம், வர முடியாதாம்.

"இதுக்குப் பேர் டேட் நைட்ப்பா. புருஷன் பொண்டாட்டி வெளிய போய்ப் பேசிட்டு வர்றது."

"வீட்டிலேயே பேசக்கூடாதா?"

"வீட்ல பேசறீங்களா?"

மங்கை உள்ளேயிருந்து, "நான் அந்த நீலப் பட்டைக் கட்டிக்கட்டுமா?" என்று கேட்டாள். கேள்வி மகளுக்கு.

கிளம்பும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. இந்திராநகர் கூப்பிடு தூரம்தான். மழை என்றதும் ஆட்டோக்காரர்கள் நின்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியாக ஒருவர் நிறுத்தினார். பக்கத்து மர்பி டவுன்காரர், தமிழர். காக்கிச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர்.

"எங்க சார், கல்யாணமா? அம்மா பட்டெல்லாம் கட்டினுகீறாங்க?"

"சமையல் கத்துக்கப் போறோம்" என்றாள் மங்கை.

அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "இந்த வயசுலயா? இன்னா சார், இத்தினி வருஷம் இன்னாதான் சாப்ட்டீங்க?"

மங்கைக்கு அடக்க முடியவில்லை. மாடிப்படியில் கேட்ட அதே சிரிப்பு. கொஞ்ச தூரத்தில் தேங்கிய தண்ணீரில் வண்டி இருமி நின்றது. "சார், ஸ்வல்ப தள்றீங்களா?" என்றார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் மங்கையும் இறங்கி, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தோள் கொடுத்தாள். "அம்மா, நீங்க குந்துங்கம்மா!" என்று அவர் கதறியதை அவள் கேட்கவில்லை. அந்தக் கோலத்தில்தான் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஷீலா என்ற நடுத்தர வயதுப் பெண்மணி வகுப்பை நடத்தினார். பெரிய ஓட்டல் சமையலறைகளில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு, தம் வீட்டுக் கார் ஷெட்டை வகுப்பாக மாற்றியிருந்தார். நீள மேஜைகள், ஜோடிக்கு ஒரு அடுப்பு, ஒரு தொட்டி, வரிசையாகச் சீசாக்கள். என் கல்லூரி ஆய்வகத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. மற்ற ஜோடிகள் எல்லாம் எங்கள் பிள்ளைகள் வயது, அதற்கும் கீழே. பக்கத்து அடுப்பில் திவ்யா என்ற கோயம்புத்தூர்ப் பெண்ணும், தமிழ் தெரியாத அவள் பஞ்சாபிக் கணவனும். அவன் மங்கையின் காலைத் தொட்டு வணங்கிவிட்டு வெங்காயம் நறுக்கப் போனான்.

அன்றைய பாடம் இத்தாலிச் சாப்பாடு. முட்டை சேர்க்காதவர்களுக்குச் சிரோட்டி ரவையில் மாவு. இந்த ஊரில் இனிப்புக்குப் பயன்படுத்தும் மிக நைசான ரவை அது. பிசைந்து, உருட்டி, தகடாகத் தேய்த்து, நாடா நாடாக வெட்ட வேண்டும். ரிப்பன் பக்கோடாவை எண்ணெயில் போடுவதற்குப் பதில் தண்ணீரில் போட்டு வேகவைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஊற்றத் தக்காளிக் கூழ். அதில் போடுவதற்கு என்று ஒரு கீரையைக் கொடுத்தார்கள். மங்கை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஐயய்யோ, திருநீற்றுப் பச்சிலைங்க! சாமிக்கு மாலையில வெச்சுக் கட்டறது. இதையா குழம்புல போடறாங்க?" என்றாள். போட்டாள்.

ஷீலா ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "என் வகுப்பில் ஒரே சட்டம்தான். ஒவ்வொரு கட்டத்திலும் வாயில் போட்டுப் பாருங்கள். பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்." ஆளுக்கு ஒரு கைப்பிடி சின்னக் கரண்டிகளைக் கொடுத்தார்.

மங்கை கரண்டிகளை மேஜையில் வைத்துவிட்டாள். "நான் வாயில வைக்கமாட்டேன்னு மேடத்துகிட்ட சொல்லுங்க."

எங்கள் வீட்டில் சமைத்தது முதலில் சாமி மாடத்துக்குப் போகும், பிறகு காக்கைக்கு, அப்புறம்தான் மனிதர்களுக்கு. அதற்குமுன் சமைக்கிறவள் நாக்கில் படக் கூடாது. என் அம்மா வைத்திருந்த சட்டம். மங்கை கொதி வரும்போது ஆவியை முகர்ந்தே உப்பைக் கண்டுபிடிப்பாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

நான் விளக்கியதும் ஷீலா கேட்டார்: "இது சாமிக்கு இல்லையே? உங்களுக்காக நீங்கள் சமைக்கிறீர்கள்."

மங்கை கொஞ்சம் யோசித்தாள். "எனக்காகன்னு எப்போ சமைச்சேன்? தெரியலைங்க. கை வரமாட்டேங்குது."

ஷீலா சிரிக்கவில்லை. "சரி, வேண்டாம். உங்களுக்குப் பதில் சார் பார்க்கட்டும். அவர் சொல்வதை வைத்து நீங்கள் சமையுங்கள்" என்றார்.

நாடாக்களை வேகவைக்கும் தண்ணீர் கடல் தண்ணீர்போலக் கரிக்க வேண்டுமாம். மங்கை அளவாகப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கரண்டியில் எடுத்து ஊதிக் குடித்தேன்.

"ம்" என்றேன்.

"ம்-ன்னா?"

"சரியா இருக்கு."

ஷீலா ஒரு கரண்டி எடுத்தார். என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "சார், இது இனிக்கிறது. உப்பு விழவே இல்லை."

மங்கை உப்பு என்று நினைத்துப் போட்டது சர்க்கரை. இரண்டு சீசாவும் ஒரே மாதிரி. சரியாக இருக்கிறது என்று நான் சொன்னது பொய் அல்ல. சாப்பாட்டைப் பற்றி யார் கேட்டாலும் என் வாயில் தானாக வரும் விடை அது. உப்பு ஆய்வுத் தேர்வில் முப்பது வருஷம் பையன்களின் சோதனைக் குழாய்களைப் பார்த்து மார்க் போட்டவனுக்கு, இனித்த தண்ணீரை உப்புத் தண்ணீர் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

பக்கத்து அடுப்பிலிருந்து திவ்யா எட்டிப் பார்த்தாள். "ஏனுங் ஆன்ட்டி, அங்கிள் வீட்லயும் இப்படித்தானுங்களா? திட்டவே மாட்டாருங்களா? எங்க வீட்டுக்காரர் ஒரு பொட்டு உப்புக் கொறஞ்சாலும் ஊரையே கூட்டிருவாருங்க. நீங்க குடுத்து வெச்சவங்க."

"ஆமாம்மா. இவர் ஒண்ணும் சொல்லமாட்டார்." மங்கை தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் வைத்தாள். "எழுந்து போனப்புறம் தட்டைப் பார்ப்பேன். கறிவேப்பிலை, மொளகாயோட வேற ஏதாச்சும் ஒதுக்கியிருந்தா, சரி, அது பிடிக்கலன்னு தெரிஞ்சுக்குவேன். ஒதுக்கலன்னா பிடிச்சுதா, பசியான்னு தெரியாது."

"நீங்களும் ருசி பார்க்கமாட்டீங்க, அவரும் சொல்லமாட்டாரு. அப்புறம் எப்படிங் ஆன்ட்டி?"

"அப்படித்தான். கல்யாணமான புதுசுல ஒரு நாள் ரசத்துல உப்பே போடல. ரெண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுட்டுக் காலேஜுக்குப் போயிட்டார். நான் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் தெரியுது. அன்னிக்கு நல்லா அழுதேன்."

"அய்யோ, ஏனுங்? பாவம், அவரு கோவிச்சுக்கவே இல்லியே?"

"கோவிச்சிருந்தா வீட்ல ஒரு ஆள் இருக்கார்னு தெரிஞ்சிருக்கும்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னாளா, நான் நிற்பதை மறந்து சொன்னாளா என்று இன்றுவரை தெரியவில்லை. நான் தக்காளிக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தேன். கரண்டி கையில் அப்படியே நின்றது. அப்பாவின் தட்டு சுவரில் மோதும் சத்தத்துக்குப் பயந்து நான் கட்டிய விரதம், இன்னொருத்தியை முப்பத்தாறு வருஷம் பேச்சுத் துணை இல்லாமல் அடுப்படியில் நிறுத்தியிருக்கிறது. வாயில் வைத்துப் பார்க்காமல் சமைக்கிறவளுக்கு இருந்த ஒரே நாக்கு நான்தான். நான் அதை அவளுக்குக் கொடுக்கவில்லை. அதற்கு நல்ல குணம் என்று நானே பெயரும் வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

கூழிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

"மங்கை, புளிப்பு தூக்கலா இருக்கு. பூண்டு இன்னும் பச்சை வாசனை அடிக்குது."

அவள் அடுப்பிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"நிஜமாவா?"

"நிஜமா. உப்பும் பத்தாது."

சட்டென்று உப்பைப் போட்டு அடுப்பைக் குறைத்தாள், மூடினாள், கொஞ்ச நேரம் விட்டுத் திறந்தாள். "இப்போ?" பார்த்தேன். "பூண்டு சரியாயிடுச்சு. புளிப்பு இன்னும் இருக்கு." ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டாள். "இப்போ?" "கொஞ்சம் அடங்கியிருக்கு." "கொஞ்சம்னா, இன்னும் ஒரு சிட்டிகை தாங்குமா?" "தாங்கும்." "இப்போ?" வகுப்பில் எல்லோரும் அடுப்பை அணைத்துவிட்டார்கள். நாங்கள் அணைக்கவில்லை. எங்களிடம் இருந்த கரண்டிகள் தீர்ந்து, திவ்யாவிடம் கடன் வாங்கினோம். மங்கையின் முகத்தில் பரீட்சையில் விடை கிடைத்த பிள்ளையின் வேகம்.

ஜோடி ஜோடியாகச் சின்ன மேஜைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி உட்காரவைத்தார்கள். எங்கள் நாடாக்கள் சில நூலாகவும் சில தாம்புக்கயிறாகவும் வந்திருந்தன.

"ஒண்ணு குழைஞ்சிருக்கு, ஒண்ணு வேகல" என்றேன். சொல்லிவிட்டுப் பயத்துடன் அவளைப் பார்த்தேன்.

"வெட்டினது யாரு? நீங்கதானே!" என்றாள். அப்புறம் தட்டில் துருவிப் போட்டிருந்த சீஸைத் தள்ளி வைத்தாள். "இது எனக்குப் பிடிக்கலங்க. காயாத துணி வாசனை." தனக்கு ஒன்று பிடிக்கவில்லை என்று அவள் என்னிடம் சொன்னதும் எனக்குப் புதிதுதான். அந்தத் தக்காளிக் கூழ் மட்டும் நன்றாக இருந்தது. அதையும் சொன்னேன்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. நடந்தே திரும்பினோம். தெருவெல்லாம் மே ஃபிளவர் பூ கொட்டிக் கிடந்தது.

"அந்த ரசத்துல உப்பு இல்லேன்னு எனக்குத் தெரியும்" என்றேன். "சொல்லியிருக்கணும். சொல்லாதது தப்பு."

"இன்னும் என்னென்ன தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்க?"

"வத்தக்குழம்புல வெல்லம் போடறது எனக்குப் பிடிக்காது."

நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரன் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனான்.

"உங்கம்மாதான் சொன்னாங்க, என் பிள்ளைக்கு வெல்லம் போட்டாத்தான் இறங்கும்னு!"

"அது எங்கப்பாவுக்கு."

"முப்பத்தாறு வருஷமா போடறேங்க!" அவள் குரலில் நிஜமான கோபம் இருந்தது. நான் அதற்குத் தகுந்தவன்தான் என்று தலைகுனிந்து நின்றேன். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் பிடிக்காது."

வீடு இருக்கும் அல்சூர்ப் பக்கம் திரும்பும்வரை இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. 'நாளைக்குக் கிளம்பலாமா' என்ற கேள்வி நுனிநாக்குவரை வந்தது. கயல் சொன்னதை நினைத்து விழுங்கினேன். கேட்டிருந்தால் 'சரிங்க' என்றிருப்பாள். அந்தச் 'சரிங்க' இனி எனக்குப் போதாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான், "பீன்ஸ் இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம்" என்றபோது கயல் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்கப்பாவுக்கு வாய் வந்துடுச்சுடி" என்றாள் மங்கை. ஆனால் ஊருக்கு வருவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. சாயங்காலம் என் பெட்டியை மட்டும் அடுக்கினாள். புளியோதரையை இலையில் கட்டி, செய்தித்தாளைச் சுற்றி வைத்தாள். கயல் தன் பழைய செல்போனை என்னிடம் கொடுத்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டினாள். மங்கைக்கு என்று எடுத்த டிக்கெட்டை நான் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஸ்டேஷனில் மங்கை சொன்னது ஒன்றுதான்: "தண்ணி பாட்டில் வாங்கிக்குங்க."

அவள் உட்கார வேண்டிய இடத்தில் ஓசூர்வரை யாரும் உட்காரவில்லை. நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தேன். கேட்காமல் விட்டது சரிதானா, இல்லை, கேட்டே இருக்க வேண்டுமா என்று மாறி மாறி நினைத்தேன். ஓசூரில் பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டு வாய் சாப்பிட்டதும் கை நின்றது. கயல் காட்டிய பொத்தானை அழுத்தினேன். மங்கையே எடுத்தாள்.

"என்னங்க? ஏதாவது மறந்துட்டீங்களா?"

"புளியோதரை கசக்குது."

"எப்படிக் கசக்குது? வாயில வெச்சதும் தெரியுதா, முழுங்கினப்புறமா?"

நான் இன்னொரு வாய் போட்டு மென்றேன். "முழுங்கினப்புறம். தொண்டைல நிக்குது."

"அப்போ வெந்தயம் கருகல. எண்ணெய்தான். இங்க வாங்கற நல்லெண்ணெய் எனக்கு மொதல்லேர்ந்தே சந்தேகம்." அவள் யோசிப்பது எனக்குக் கேட்டது. "நம்ம செக்குல ரெண்டு கிலோ வாங்கி வைங்க. புளியும் புதுப் புளியா வேணாம், பழசு பார்த்து வாங்குங்க. நான் வந்து காய்ச்சறேன்."

எப்போது என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

"ராஜம்மா பேத்திக்கு இருபதாம் தேதி வாக்கில காது குத்தறாங்க. அது முடிஞ்சு கிளம்பறேன். ஆனா ஒண்ணு, பாதி நாள் அங்க, பாதி நாள் இங்கதான் இருப்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

"சரிங்க" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் எப்போதும் அவளைத்தான் அப்படிச் சொல்ல வைத்திருந்தேன். வண்டி நகரத் தொடங்கியது. போனை வைத்த பிறகுதான், கசப்பை மட்டும் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை என்று உறைத்தது. திரும்பவும் அழுத்தினேன்.

"இப்போ என்ன?"

"வேர்க்கடலை நல்லா வறுபட்டிருக்கு. காரம் சரியா இருக்கு."

"இதைச் சொல்லவா போன் போட்டீங்க? ரோமிங்ல காசு போகும்னு கயல் கத்தறா. வைங்க."

வைங்க என்றாளே ஒழிய அவள் வைக்கவில்லை. பெருங்காயம் எப்படி என்று கேட்டாள். ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். எதிரே இருந்தவர் செய்தித்தாளை மடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ராயக்கோட்டை மலைப்பக்கம் வண்டி திரும்பியபோது அவள் குரல் விட்டுவிட்டுக் கேட்டு, சிக்னல் போயிற்று. இலையில் இன்னும் பாதி இருந்தது.